கயிறு பிடித்த கை

(லெந்து கால வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையிலேயே தரப்படுகிறது.)

உட்காருங்க. பின்னாடி நிக்கிற தம்பிங்க முன்னாடி வாங்க, நாலு பெஞ்சு காலியா கிடக்கு. துவாஸ்ல வேலை முடிச்சு, குளிச்சும் குளிக்காமலும் பஸ் ஏறி வந்திருக்கீங்க. நின்னுக்கிட்டே கேட்கணும்னு என்ன கட்டாயம்? முன் பெஞ்சுல உட்கார்ந்தா கேள்வி கேட்பாங்கன்னு பயமா? கேட்க மாட்டேன். கேட்டாலும் இந்தப் பக்கம் இருக்கிற பெரியம்மாமாரைத்தான் கேட்பேன். அவங்களுக்குத்தான் வேதம் மனப்பாடம்.

மத்தேயு பதினெட்டு. புத்தகத்தைத் திறக்க வேண்டாம். கைப்பேசியில திறக்கவே வேண்டாம், திறந்தா முதல்ல வாட்ஸ்அப்தான் கண்ணுல படும். உங்களுக்குத் தெரிஞ்ச பகுதிதான். பேதுரு கணக்குப் போட்டுக்கிட்டு வந்து கேட்கிறாரு, ஏழு தடவை மன்னிச்சா போதுமான்னு. அவரு மனசுல ஏழுங்கறதே பெரிய தாராளம். ஆண்டவர் சொன்ன பெருக்கல் கணக்கு உங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் அந்த ராஜா கதை வருது. பத்தாயிரம் தாலந்து கடன்பட்டவனை ராஜா விட்டுட்டாரு. வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய கூட்டாளியோட கழுத்தைப் பிடிச்சுட்டான்.

இந்த இடத்துல நிறைய பேரு ஒண்ணு சொல்லிடறாங்க. நூறு வெள்ளிப்பணம்னா அற்பக் காசு, அதுக்குப் போய் இவன் கழுத்தைப் பிடிச்சானேன்னு. அப்படி இல்லைங்க. இருபதாம் அதிகாரத்துக்குப் போங்க. திராட்சத்தோட்டத்துல காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் உழைச்சவனுக்கு என்ன கூலி? ஒரு பணம். அப்ப நூறு பணம்னா நூறு நாள் கூலி. தம்பி, கட்டட வேலை செய்றீங்களே, நூறு நாள் சம்பளம் உங்களுக்கு அற்பக் காசா? ஊர்ல ஏஜெண்டுக்குக் கட்டச் சொல்லி மச்சான் கையில கொடுத்த பணத்தை மச்சானே வச்சுக்கிட்டா, போனாப் போகுதுன்னு விட்டுடுவீங்களா? விட மாட்டீங்க. தூக்கம் வராது. சோறு இறங்காது.

ஆண்டவர் உங்க காயத்தை அற்பம்னு சொல்லவே இல்லை. இதை நல்லா கேட்டுக்கோங்க. நூறு நாள் கூலி நிஜமான நஷ்டம். அவரு அதுக்குப் பக்கத்துல இன்னொரு கணக்கை வைக்கிறாரு, அவ்வளவுதான். ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் பணம். பத்தாயிரம் தாலந்துன்னா ஆறு கோடி நாள் கூலி. ஆதாம் காலத்துல வேலைக்குச் சேர்ந்து, ஓவர்டைமும் செஞ்சு, ஓய்வுநாளையும் மீறி உழைச்சாலும் தீராது. (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. அந்த ஆறு கோடி எங்கே போச்சு? யோசிச்சிருக்கீங்களா? காத்துல கரைஞ்சு போச்சா? ராஜாவோட கஜானாவுல அந்தப் பணம் இல்லை. ராஜாதான் அந்த நஷ்டத்தை ஏத்துக்கிட்டாரு. கடன் எப்பவும் மறையாதுங்க. ஒருத்தர் கட்டித்தான் ஆகணும். கடன்பட்டவன் கட்டலைன்னா, மன்னிக்கிறவர் கட்டுறாரு. அதனாலதான் மன்னிப்பு வலிக்குது. "மன்னிச்சுட்டேன் பாஸ்டர், ஆனா இன்னும் வலிக்குது, அப்ப நான் மன்னிக்கலையோ?"ன்னு கேட்கிறாங்க. வலிக்குதுன்னா நீங்க கட்டிக்கிட்டிருக்கீங்கன்னு அர்த்தம். பில் வந்திருக்கு, உங்க பேருக்கு வந்திருக்கு. கல்வாரியில யார் பேருக்கு வந்துச்சு?

சரி. இதெல்லாம் பாலஸ்தீனாவுல நடந்த கதைன்னு நினைக்காதீங்க. இதே சிங்கப்பூர்ல நம்ம கண்ணு முன்னாடி இருக்கிற ஓர் இடத்தைச் சொல்றேன். தேக்காவுலயிருந்து சிலிகி ரோடு வழியா நேரா நடந்தா இருபது நிமிஷத்துல தோபி காட். அங்கே ஆர்ச்சர்ட் ரோடு ஆரம்பிக்கிற முனையில ஒய்எம்சிஏ கட்டடம். சிலரு அங்கே கல்யாண வரவேற்புக்குப் போயிருப்பீங்க, பிரியாணி சாப்பிட்டிருப்பீங்க. இப்ப இருக்கிறது புதுக் கட்டடம், 1984ல கட்டினது. பழைய கட்டடம் அதே இடத்துலதான் நின்னுச்சு. ஜப்பான்காரன் காலத்துல அது கெம்பெய்தாய், ராணுவப் போலீஸோட அலுவலகம். அந்தப் பக்கம் நடந்து போறவங்க உள்ளேயிருந்து வர்ற அலறலைக் கேட்டுட்டு வேகமா நடந்துடுவாங்களாம். உங்க தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. அந்தப் பேரைச் சொன்னாலே முகம் மாறும்.

1943, செப்டம்பர் மாசக் கடைசி. ஆஸ்திரேலியாவுலயிருந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகுல வந்த கமாண்டோக்கள், ராத்திரியோட ராத்திரியா சிறு தோணியில துறைமுகத்துக்குள்ள புகுந்து, ஏழு கப்பலுக்கு வெடி வச்சுட்டுப் போயிட்டாங்க. ஜப்பான்காரங்களுக்கு இது எப்படி நடந்துச்சுன்னே புரியலை. சாங்கி சிறையில அடைச்சு வச்சிருந்த வெள்ளைக்காரங்கதான் ரகசிய ரேடியோ வச்சுத் தகவல் கொடுத்திருக்கணும்னு முடிவு கட்டினாங்க. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா அக்டோபர் 10ஆம் தேதி பிடிக்க ஆரம்பிச்சாங்க. பத்தாம் மாசம் பத்தாம் தேதி, அதனால அதுக்கு ‘டபுள் டென்த்’னு பேரு. மொத்தம் 57 பேர். அதுல 15 பேர் செத்தே போனாங்க.

அந்த 57 பேர்ல ஒருத்தர் லியோனார்டு வில்சன். சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பேராயர். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்துல வெள்ளை வெளேர்னு நிக்குதே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், அங்கே பேராயரா இருந்தவரு. மனைவி பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிட்டு, தான் மட்டும் மந்தையோட இங்கேயே இருந்துட்டாரு. அதையும் கவனிங்க. கப்பல் இருந்துச்சு, போயிருக்கலாம்.

இதுல இன்னொண்ணு சொல்லணும். ஊரு ஜப்பான்காரன் கையில விழுந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல அவரு வெளியே இருந்தாரு, ஆராதனை நடத்தினாரு. எப்படி? ஆண்ட்ரூ ஓகாவான்னு ஒரு ஜப்பானிய அதிகாரி. அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். அவரு தயவுல. ஜப்பான்காரன்னா எல்லாரும் ஒண்ணுன்னு சொல்ல முடியாம கர்த்தர் ஒரு ஓகாவாவை அங்கே வச்சிருந்தாரு. உங்க மாமியார் வீட்டிலயும் ஓர் ஓகாவா இருப்பாங்க, தேடிப் பாருங்க. (சிரிப்பு) மாமியார்னு சொன்னாலே ஏன் இந்தப் பக்கம் மட்டும் சிரிப்பு வருது? மாமியாருங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்களும் ஒரு காலத்துல மருமகளா இருந்து அழுதவங்கதான்.

1943 மார்ச்சுல பேராயரையும் சாங்கிக்குக் கொண்டு போனாங்க. போறதுக்கு முன்னாடி சபைப் பொறுப்பை உள்ளூர் போதகர்கள் கையில கொடுத்துட்டுப் போனாரு. அதுல ஒருத்தர் நம்ம ஆளு, டாக்டர் டி. டி. செல்லையா ஐயர், செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெள்ளைக்காரங்க எல்லாம் சிறையில, சபையைக் கட்டிக் காத்தது சீனரும் தமிழரும். இதெல்லாம் நம்ம வாலிபப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லிக் கொடுக்கிறா? கொரிய நாடகத்துல யாரு யாரைக் கட்டிக்கிட்டாங்கன்னு கேளுங்க, பதில் வரும்.

எங்கே விட்டேன்? அக்டோபர் 17. பேராயரை சாங்கியிலயிருந்து ஒய்எம்சிஏ-வுக்கு இழுத்துட்டு வந்தாங்க. கட்டிப் போட்டாங்க. கயித்தால அடிச்சாங்க. ஒருத்தன் கை ஓஞ்சா இன்னொருத்தன். நாள்கணக்குல. அடியை நான் விவரிக்கப் போறதில்லை, பிள்ளைகள் இருக்காங்க. அடிக்கு நடுவுல கேட்கிறாங்க, இன்னுமா கடவுளை நம்புறேன்னு. நம்புறேன்னாரு. அப்ப ஏன் அவரு உன்னைக் காப்பாத்தலைன்னு கேட்கிறாங்க. இந்தக் கேள்வி எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? கொல்கொதாவுல சிலுவைக்குக் கீழே நின்னவங்க கேட்ட அதே கேள்வி. பேராயர் சொன்ன பதிலோட சாரம் இதுதான்: அவரு காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்காரு. வலியை எடுத்துப்போட்டுக் காப்பாத்தலை, தாங்கற ஆவியைக் கொடுத்துக் காப்பாத்துறாரு.

இப்ப நான் சொல்லப் போறதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். போர் முடிஞ்ச பிறகு, 1946ல, பிபிசி வானொலியில அவரே இதைச் சொன்னாரு. என் சொந்த வார்த்தையில சொல்றேன். அவரைச் சுத்தி நின்னு அடிக்கிறவங்க முகத்தைப் பார்த்தாரு. கல்லு மாதிரி முகம். அந்த முகத்தை நேசிக்க முடியலை. எந்த மனுஷனால முடியும்? அப்ப ஜெபிச்சுக்கிட்டே, இவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப எப்படி இருந்திருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தாரு. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சியோட விளையாடிக்கிட்டு, அம்மா அப்பாவோட பாசத்துல சந்தோஷமா இருந்த குட்டிப் பசங்க. சின்னப் பிள்ளையை வெறுக்கிறது கஷ்டம்.

இவ்வளவுதான். இதுதான் இன்னைக்குப் பிரசங்கம். மிச்சமெல்லாம் இதைத் திருப்பித் திருப்பிச் சொல்றதுதான், அதனால தூக்கம் வர்றவங்க தூங்கலாம்.

சின்னப் பிள்ளையா பாருங்க. கயிறு பிடிச்ச கை ஒரு காலத்துல அம்மா சேலை முந்தானையைப் பிடிச்ச கை. ஜப்பான்ல சேலை ஏதுன்னு கேட்காதீங்க, கிமோனோவைப் பிடிச்ச கை.

உங்களை வீட்டை விட்டு வெளியே போன்னு சொன்ன அண்ணன் இருக்காரே, அவரை எட்டு வயசுப் பையனா பாருங்க. உங்களுக்குத்தான் அந்த முகம் தெரியுமே! பேராயருக்கு அந்த ஜப்பான்காரங்களோட பிள்ளை முகம் தெரியாது, அவரு கற்பனை பண்ணிக்கணும். உங்களுக்கு நினைப்பு இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனாரு. ஒரு தட்டு சோத்துல பாதி உங்களுக்குக் கொடுத்தாரு. மழையில குடையை உங்க பக்கம் சாய்ச்சாரு. எங்கே போச்சு அந்தப் பையன்? உள்ளேதான் இருக்கான். தோ பாயோ வீட்டுப் பங்குச் சண்டைக்கடியில மாட்டிக்கிட்டான்.

ஆள் பேர் சொல்லலை. சொல்லாமலே நாலு குடும்பம் உங்க மனசுல வந்திருக்கும். அம்மா போனாங்க. வீவக வீட்டை வித்தாங்க. பங்கு பிரிக்கறதுல ஒரு சொல்லு வந்துச்சு. ஒரே ஒரு சொல்லு. அதுக்கப்புறம் இருபது வருஷம் பேச்சு இல்லை. ஒரே சபை, ஒரே ஆராதனை, ஒருத்தர் இந்தக் கதவு வழியா வருவாரு, ஒருத்தர் அந்தக் கதவு வழியா. குடும்பத்துல இன்னொரு சாவு. புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்குல பெட்டி வச்சிருக்கு. இவரு அந்த மூலையில உட்கார்ந்து கோப்பி குடிக்கிறாரு, அவரு இந்த மூலையில. போதகர் நடுவுல நிக்கிறாரு, ரெண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கிட்டு.

சுவா சூ காங் கல்லறையில நம்ம ஜனங்களைப் புதைச்சா எத்தனை வருஷம் விட்டு வைப்பாங்க? பதினைந்து வருஷம். இங்கே நிலம் இல்லை, அதனால 1998லயிருந்து அந்தச் சட்டம். பதினைந்து வருஷம் ஆச்சுன்னா அரசாங்கமே தோண்டி எடுத்து இடத்தைக் காலி பண்ணிடுது. பெத்த அம்மாவுக்கே பதினைந்து வருஷம்தான் இடம். உன் கோபத்துக்கு மட்டும் எதுக்குய்யா இருபது வருஷம்? அந்தக் குழிக்கு நீ வருஷா வருஷம் பூ வேற வைக்கிற! (சிரிப்பு)

அக்கா, சிரிக்கிறதை நிறுத்திட்டு அழறீங்க. அழுங்க, தப்பில்லை.

லெந்து வந்தா நாற்பது நாள் கறி சாப்பிட மாட்டோம். நல்லது. தேக்கா மார்க்கெட்ல மட்டன் கடைக்காரருக்கே நம்ம காலண்டர் தெரியும். பாய், ஈஸ்டருக்கு முதல் நாள் சீக்கிரம் கடையைத் திறந்துடுவாரு. ஆட்டுக்கறியை விட்டுட்டீங்க, சரி. கலாத்தியர் ஐந்துல பவுல் சொன்ன கறியை விட்டீங்களா? ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுப் பட்சிக்கிறதைத்தான் சொல்றேன். ஆட்டை விட்டுட்டு நாற்பது நாளும் அண்ணியை மென்னுக்கிட்டிருந்தா அது என்ன உபவாசம்?

ஒரு தங்கச்சி கேட்டாங்க, போன வாரம் கூட்டம் முடிஞ்சு. சிலுவையில ஆண்டவர் மன்னிச்சப்ப, இவங்க அறியாம செய்றாங்கன்னு சொன்னாரே, என் வீட்டுக்காரர் அறிஞ்சேதான் செய்றாரு, அப்ப இந்த வசனம் எனக்குப் பொருந்துமான்னு. நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. ஒய்எம்சிஏ-வுல கயிறு பிடிச்சவனுக்கும் தான் அடிக்கிறோம்னு தெரியும், யாரை அடிக்கிறோம்னும் தெரியும். எனக்குத் தோணுறதைச் சொல்றேன். உனக்கு என்ன செய்றோம்னு அவனுக்குத் தெரியும். தான் என்னவா ஆகிக்கிட்டிருக்கோம்னு அவனுக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பையன் எங்கே தொலைஞ்சு போனான்னு அவனுக்கே தெரியாது. அதுக்குத்தான் ஜெபம்.

ஆனா அந்தத் தங்கச்சிக்கு இன்னொண்ணும் சொன்னேன், அதை எல்லாருக்கும் சொல்றேன், ஆம்பளைங்க நல்லா கேட்டுக்கோங்க. கை நீட்டுற புருஷனைச் சின்னப் பிள்ளையா பாருன்னு சொல்லி, மறுபடியும் அந்த வீட்டுக்குள்ள ஒரு பொண்ணைத் தள்ளி விடறதுக்கு இந்தப் பிரசங்கத்தை எவனாவது எடுத்தா, அவன் எனக்கும் என் ஆண்டவருக்கும் விரோதமா பேசுறான். மன்னிக்கலாம், வேற வீட்டுல இருந்துக்கிட்டு மன்னிக்கலாம். குடும்ப நீதிமன்றத்துல பாதுகாப்பு உத்தரவு வாங்கிட்டு மன்னிக்கலாம். மாதர் சாசனத்துல அதுக்கு வழி இருக்கு. சபைப் பேரு கெட்டுடும்னு ஒரு மூப்பரும் வந்து தடுக்கக் கூடாது. அடிக்கிறதை மறைக்கிற சபைக்குத்தான் பேரு கெட்டுப் போகணும்.

பேராயர் விஷயத்தையே எடுத்துக்கோங்க. அவரு ஜெபிச்சாரு. அதனால வழக்கு நடக்காம போச்சா? 1946 மார்ச் 18ஆம் தேதி விசாரணை ஆரம்பிச்சுது. 21 பேர் கூண்டுல நின்னாங்க. எட்டுப் பேருக்கு மரண தண்டனை, ஏழு பேருக்கு விடுதலை, மிச்சப் பேருக்குச் சிறை. நீதிமன்றம் அதன் வேலையைச் செஞ்சுது. மன்னிப்பு அதன் வேலையைச் செஞ்சுது. ரெண்டும் வேற வேற.

அங்கேயும் ஒரு அம்மா வேற மாதிரி நடந்துக்கிட்டாங்க. எலிசபெத் சோய். பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பேரைப் படிச்சிருப்பீங்க. சபா மாநிலத்துல பிறந்தவங்க, இங்கே டீச்சர், அவங்களும் ஆங்கிலிக்கன் சபைதான். புருஷனும் அவங்களும் ஆஸ்பத்திரியில கேன்டீன் நடத்திக்கிட்டு, சிறையில இருந்தவங்களுக்கு மருந்து, பணம், கடிதம் எல்லாம் கடத்திக் கொடுத்தாங்க. முதல்ல புருஷனைப் பிடிச்சாங்க. விசாரிக்கப் போன இவங்களையும் பிறகு பிடிச்சுட்டாங்க. ஏறத்தாழ இருநூறு நாள், அதே ஒய்எம்சிஏ-வுல, ஆம்பளைங்களோட ஆம்பளையா ஒரே அறையில அடைச்சு வச்சு, மின்சாரம் வச்சுக் கொடுமை பண்ணினாங்க. புருஷன் கண்ணு முன்னாடியே. போர் முடிஞ்ச பிறகு, உங்களைக் கொடுமைப்படுத்தினவங்க பேரைச் சொல்லுங்க, தண்டனை கொடுக்கலாம்னு கேட்டாங்க. அந்த அம்மா சொல்லலை. போர்தான் கொடியது, போர் இல்லைன்னா அவங்களும் என்னை மாதிரியே வீட்டுல குடும்பத்தோட இருந்திருப்பாங்கங்கறது அவங்க எண்ணம். பாருங்க, பேராயர் அவங்களைச் சின்னப் பிள்ளையா பார்த்தாரு. இந்த அம்மா வீட்டுல சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிற மனுஷனா பார்த்தாங்க. பிறகு 1951ல சட்டமன்றத்துக்குள்ளயும் போனாங்க. பார்வையில்லாத பிள்ளைகளோட பள்ளிக்கூடத்துக்கு முதல் தலைமை ஆசிரியையும் அவங்கதான். கசப்பை வச்சுக்கிட்டு இருந்திருந்தா இதுக்கெல்லாம் நேரம் ஏது?

எல்லாரும் எலிசபெத் சோய் மாதிரி பேரைச் சொல்லாம இருக்கணும்னு நான் சொல்லலை. சொன்னவங்க பாவிகளும் இல்லை. நான் மன்னிக்கிறது எனக்குச் செஞ்சதைத்தான். சிறையில செத்துப் போன அந்த 15 பேர் சார்புல மன்னிக்க எனக்கு என்ன அதிகாரம்? ஜப்பான்காரங்க சயாம் ரயில் பாதை போட மலாயாத் தோட்டத்துலயிருந்து நம்ம ஜனங்களைப் பிடிச்சுட்டுப் போனாங்களே, காலராவுலயும் பட்டினியிலயும் ஆயிரமாயிரமா செத்தாங்களே. இங்கே உட்கார்ந்திருக்கிற சிலர் வீட்டுலயும் ஒரு தாத்தா திரும்பி வரலை. ஏசியில நின்னுக்கிட்டு நான் அவங்க சார்புல ‘மன்னிச்சாச்சு’ன்னு சொன்னா, அது கர்த்தருக்கே அருவருப்பா இருக்கும். அடுத்தவன் பட்ட அடியை மன்னிக்கச் சொல்லி அவனை அவசரப்படுத்தறது ஒரு வியாதி. நம்ம சபைகள்ல அந்த வியாதி நிறைய. "இன்னுமா மன்னிக்கலை? சகோதரி, நீங்க எல்லாம் இரட்சிக்கப்பட்டவங்களா?" இப்படிக் கேட்கிறவங்களுக்குக் காயமே பட்டிருக்காது.

யோசேப்பைப் பாருங்க. குழியில போட்டு வித்த அண்ணன்மாரு தானியத்துக்கு வந்து நிக்கிறாங்க. முதல் நாளே கட்டிப் பிடிச்சாரா? இல்லையே. அறைக்குள்ள போய் அழுதாரு, முகத்தைக் கழுவிட்டு வந்தாரு, மறுபடியும் கடுமையா பேசினாரு. பென்யமீன் சாக்குல வெள்ளிப் பாத்திரத்தை வச்சாரு. எதுக்கு? தம்பியை மறுபடியும் விட்டுட்டு ஓடுவாங்களான்னு பார்க்கிறதுக்கு. யூதா முன்னாடி வந்து, பையனுக்குப் பதிலா என்னை அடிமையா வச்சுக்கோங்கன்னு சொன்ன பிறகுதான் யோசேப்பு உடைஞ்சு போனாரு. மன்னிக்கிறது உங்க பக்கத்து வேலை, அதுக்கு அவரு வந்து நிக்கணும்னு இல்லை. நம்பறதுக்கு அவரு பக்கத்துலயும் வேலை இருக்கு. சின்னப் பிள்ளையா பாருங்க, ஆனா வீட்டுச் சாவியைச் சின்னப் பிள்ளை கையில கொடுத்துடாதீங்க.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவை எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா சொல்றேன். 1999 ஜனவரி, ஒடிசாவுல மனோகர்பூர் கிராமம். ஜீப்புல தூங்கிக்கிட்டிருந்த புருஷன், பத்து வயசு பிலிப், ஆறு வயசு தீமோத்தேயு, மூணு பேரையும் எரிச்சுட்டாங்க. மன்னிக்கிறேன்னு அந்த அம்மா சொன்னது பத்திரிகையில வந்துச்சு. அது ஒருநாள் செய்தி. பத்திரிகையில பெருசா வராதது என்னன்னா, அந்த வாரமே ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறாம, மகளை வச்சுக்கிட்டு, பாரிபதாவுல தானும் புருஷனும் வேலை பார்த்த அதே தொழுநோய் இல்லத்துல இன்னும் அஞ்சு வருஷம் வேலை பார்த்தாங்க. 2004ல அங்கே ஆஸ்பத்திரியும் திறந்தாங்க. தியாக அன்பு தியாக அன்புன்னு பாட்டுல பாடறோம். அது திங்கட்கிழமை காலையில எழுந்து புண்ணுக்கு மருந்து போடற வேலை.

பேராயர் கதையை முடிக்கலை, முடிச்சுடறேன். மணி என்னாச்சு? கீழே கோப்பி ஆறிடும்னு ஒரு அண்ணன் கையைக் காட்டுறாரு. ஆறட்டும்.

அடிச்சவங்க முகத்துல சின்னப் பிள்ளையைப் பார்த்தாருன்னு சொன்னேன். அவரு அதோட நிக்கலை. இவங்க முன்னாடி என்னவா இருந்தாங்கன்னு பார்த்தவரு, கிறிஸ்துவோட கிருபையினால இவங்க இனிமே என்னவா ஆக முடியும்னும் பார்த்தாரு. எட்டு மாசம் கழிச்சு அங்கேயிருந்து அவரை விட்டாங்க. போர் முடிஞ்சு மறுபடியும் பேராலயத்துக்கு வந்தாரு. இப்ப சிறையில இருக்கிறது யாரு? ஜப்பான்காரங்க. அந்தக் கைதிகள்ல சில பேர் ஞானஸ்நானம் கேட்டாங்க. சிறையிலயிருந்து காவலோட நடந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்குள்ள வந்தாங்க. அதுல ஒருத்தன் யாரு? ஒய்எம்சிஏ-வுல கையில கயித்தோட மிரட்டிக்கிட்டு நின்னவன். பேராயருக்கு அடையாளம் தெரிஞ்சுது. இவ்வளவு பெரிய மாற்றத்தை ஒரு மனுஷன்ட்ட பார்க்கிறது அபூர்வம்னு பிற்பாடு அவரே சொன்னாரு. சாந்தமான முகமாம்.

அந்த மனுஷன் தலையில தன் கையை வச்சு அவனைத் திடப்படுத்தினாரு பேராயர்.

அப்போஸ்தலர் ஒன்பதுல தமஸ்குவுல அனனியாவும் இதைத்தான் செஞ்சாரு. சவுல்னு பேரைக் கேட்டதும் அவருக்கு நடுங்குச்சு. கர்த்தரோட வாக்குவாதம் பண்ணினாரு, அந்த ஆளைப் பத்தி எனக்குத் தெரியும்னு. பரிசுத்தவான்கூட முதல்ல தயங்கினாரு, அதனால நீங்க தயங்கறதுக்கு வெட்கப்பட வேண்டாம். ஆனா போனாரு. நேர்த்தெருவுல அந்த வீட்டைக் கண்டுபிடிச்சு, தலையில கையை வச்சு, சகோதரனேன்னு கூப்பிட்டாரு. ஸ்தேவானைக் கல்லெறிஞ்சவங்க வஸ்திரத்துக்குக் காவல் நின்ன ஆளைப் பார்த்து, சகோதரனேன்னு. அனனியா அன்னைக்குப் போகாம வீட்டுலயே இருந்திருந்தா, ரோமருக்கு நிருபம் எங்கே? கொரிந்தியர் பதின்மூணு எங்கே? உங்க கல்யாணத்துல என்ன வாசிச்சிருப்பாங்க?

சரி, இப்ப ஆராதனை முறைப்படி சமாதானம் சொல்ற நேரம். வழக்கமா என்ன செய்வீங்க? பக்கத்துல இருக்கிற பிடிச்ச ஆள்ட்ட கையைக் கொடுத்துட்டு உட்கார்ந்துடுவீங்க. இன்னைக்கு அது வேண்டாம். யாருகிட்ட போகணும்னு உங்களுக்குத் தெரியும். நடுவுல இருக்கிற வழியைத் தாண்டிப் போங்க. ஒரே நாள்ல எல்லாம் சரியாகணும்னு நான் கேட்கலை. போய் நின்னு ஒரு வார்த்தை. அவரு முகத்தைத் திருப்பிக்கிட்டா திரும்பி வாங்க, நீங்க செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. ஆள் இங்கே இல்லைன்னா, வெளியே போய் போன் பண்ணுங்க. வாட்ஸ்அப்புல தடை பண்ணி வச்சிருந்தா முதல்ல அதை எடுத்து விடுங்க, எப்படி எடுக்கிறதுன்னு தெரியலைன்னா வாலிபர் சங்கப் பிள்ளைகள் காட்டித் தருவாங்க. பயந்து, ஒதுங்கி இருக்க வேண்டிய ஆள்னா போன் பண்ண வேண்டாம். அதுக்கு என்னை வந்து பாருங்க, நானும் என் வீட்டம்மாவும் கோப்பி மேஜை பக்கத்துலதான் இருப்போம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிலேமோன் நிருபம். ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனம், எம்ஆர்டியில ரெண்டு ஸ்டேஷனுக்குள்ள வாசிச்சுடலாம். ஓடிப்போன வேலைக்காரன் திரும்பி வந்து கதவைத் தட்டுறான். வீட்டுல பணிப்பெண் வச்சிருக்கிறவங்க கண்டிப்பா வரணும்.